சாவி யாரிடம் இருக்கும்?

1

நாளை ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் சைக்கிள் ஓட்டப் போகிறேன். "இதில் என்னய்யா சேதி? ராசிங்காபுரத்திலிருந்து போடிக்கு ஊரே தினமும் சைக்கிளில்தான் போகிறது" என்று அங்கே இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். நானும் அப்படிப் போனவன்தான், பின்னால் ஒரு மூட்டையும் முன்னால் பாரில் ஓர் ஆளுமாக.

இங்கிலாந்தில் இதற்கு வேறு மரியாதை. இது தர்மத்துக்கு ஓட்டுவது. நான் இத்தனை மைல் ஓட்டினால் இவ்வளவு தருகிறேன் என்று அக்கம்பக்கத்தார் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். நான் மிதிக்க, அவர்கள் கொடுக்க, சேர்வது ஒரு நல்ல காரியத்துக்குப் போகும். என் எதிர்வீட்டுக் கிழவர் இரண்டு வருஷமாக என்னோடு பேசியதில்லை. சைக்கிள் என்றதும் கதவைத் திறந்து, தேநீர் கொடுத்து, தன் பங்கையும் சொல்லி அனுப்பினார். இந்த ஊரில் மனிதர்களோடு பழக வேண்டுமானால் முதலில் காலை ஆட்ட வேண்டும் போலிருக்கிறது.

இந்தத் தடவை நல்ல காரியம் ஒரு வேன். ஊருக்கு வெளியே குன்றின் மேல், நடக்க முடியாத பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருக்கிறது. அவர்களை ஆஸ்பத்திரிக்கும் வெளியிடங்களுக்கும் கூட்டிப் போக வண்டி இல்லை. அதை வாங்கத்தான் நாளைய ஓட்டம். நான் வேலை பார்க்கும் பஸ் டிப்போவிலிருந்து பலர் வருகிறார்கள். என் மகள் மல்லிகாவும் அவள் பள்ளித் தோழிகளோடு வருகிறாள்.

ஒரு வாரமாக நான் இதற்கு ஏங்கிக் கிடக்கிறேன் என்பது உண்மை. செயினுக்கு எண்ணெய் விட்டேன், மறுபடியும் விட்டேன். டயரை அழுத்தி அழுத்திப் பார்த்து என் மனைவியிடம் திட்டு வாங்கினேன். அதே ஒரு வாரமாக எனக்குக் கோபமும் தலைக்கேறிக் கிடக்கிறது. ஆசையும் ஆத்திரமும் ஒரே வயிற்றில் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

2

போன ஞாயிறு ஒத்திகை ஓட்டம். ஏற்பாட்டுக் கமிட்டியின் தலைவர் ஹாரிஸ். ஊரில் பெரிய மரச்சாமான் கடை வைத்திருப்பவர், சிவந்த முகம், எல்லாரையும் முதுகில் தட்டிப் பேசுகிற வழக்கம். அவர் என்னை "பெரு" என்பார். பெரு என் பெயர் இல்லை, என் அப்பாவின் பெயரில் பாதி. நான் இந்த நாட்டில் இறங்கிய அன்று அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்து, பெருமாள் என்பதைக் குடும்பப் பெயராக்கி, என் சொந்தப் பெயரை ஓர் எழுத்தாக நறுக்கி முன்னால் போட்டுவிட்டார். திருத்தச் சொல்லி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். "இதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று பணிவாகக் கேட்டார்கள். கஷ்டம் இதுதான். வீட்டுக்கு வரும் தபாலெல்லாம் ராசிங்காபுரத்தைத் தாண்டி அதிகம் போயிராத என் அப்பாவுக்கு வருகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அப்பாவைக் கூப்பிட, நான் எழுந்து போகிறேன்.

குன்றின் உச்சிக்கு ஏறி எல்லாரும் மூச்சு வாங்கினோம். எதிர்ப்பக்கம் செங்குத்தான இறக்கம். அதைப் பார்த்ததும் என் கைகள் தாமாக வேலையைத் தொடங்கிவிட்டன. வேலியோரம் காற்றில் ஒடிந்து கிடந்த ஒரு கிளையை இழுத்து வந்து, கேரியரில் கயிறு போட்டுக் கட்டினேன். போடிமெட்டிலிருந்து சைக்கிளில் இறங்குகிறவன் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வான். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை நம்பி இறங்கினால் பாதி வழியில் கட்டை தேய்ந்து, மீதி வழிக்குச் சாமிதான் துணை. கிளை பின்னால் தரையை உரசிக்கொண்டு வந்தால் வண்டி சொன்னபடி கேட்கும்.

டிப்போவில் பஸ்களுக்குப் பிரேக் பார்க்கிறவன் நான். என் சைக்கிளில் இரண்டு பிரேக்குகளும் புத்தம் புதியவை. இருந்தும் கட்டினேன்.

"பெரு, உன் வண்டிக்கு வால் முளைத்திருக்கிறதே!" என்றார் ஹாரிஸ். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் படம் எடுத்தார். நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய? சிரிக்காத ஒரே ஆள் மல்லிகா. அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் முதல் ஆளாக இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், "அப்பா, ப்ளீஸ், அடுத்த சன்டே அத கட்டாதீங்க. எல்லாரும் என்னையும் பாக்கறாங்க" என்றாள்.

"கட்டுவேன்."

"ஏன்?"

"எங்க ஊருல அப்படித்தான் இறங்குவோம்."

"இது உங்க ஊர் இல்லப்பா" என்றாள். அவளை எல்லாரும் மாலி என்கிறார்கள். அவளும் போனில் தன்னை மாலி என்றுதான் சொல்லிக்கொள்கிறாள். அன்று இரவுச் சோற்றை ஆளுக்கொரு அறையில் தின்றோம்.

3

தர்மத்துக்கு நான் சைக்கிள் ஓட்டுவது இது முதல் தடவை இல்லை. இதை ஹாரிஸிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் கைதட்டுவார்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு மீசை அரும்பி முடிந்த வயது. போடியில் ஏலக்காய்த் தோட்டக்காரர்களும் வியாபாரிகளும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மலையில் காய் எடுக்கும் ஜனங்களுக்கு நோய்நொடி என்றால் கீழே கொண்டுவர ஒரு ஜீப் வேண்டும், அதற்கு ஊர் இளைஞர்கள் சைக்கிள் பேரணி நடத்தி நன்கொடை திரட்ட வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. நல்ல காரியம், யார் மறுப்பார்கள்? ராசிங்காபுரத்திலிருந்து நாங்கள் ஒரு செட்டாகப் போனோம். சொந்தச் சைக்கிள் இல்லாதவர்கள் வாடகைச் சைக்கிள் எடுத்தார்கள். அந்தக் கடைக்காரர் கடைசியில் வாடகையே வாங்கவில்லை.

போடி பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பி, மலையடிவாரத்து முந்தலில் மோர் குடித்து, மலை ஏறினோம். ஏறினோம் என்றால் ஓட்டி இல்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினோம். தோட்ட வேலைக்கு ஆளேற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிய ஜீப்புகள் ஆரன் அடித்து வாழ்த்திவிட்டுப் போயின. ஒவ்வொரு வளைவிலும் துண்டை ஏந்திக்கொண்டு நின்றோம். வேலை முடிந்து வந்த காய்க்காரப் பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அன்றைய கூலியிலிருந்து போட்டார்கள். அவர்களுக்கான ஜீப்புக்கு அவர்களே போட்டார்கள். திரும்பும்போது ஆளுக்கொரு கிளையைக் கட்டிக்கொண்டு, மலையே சரசரவென்று இரைய இறங்கினோம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஜீப் வந்தது. போடி பஸ் ஸ்டாண்டில் மறுபடியும் எல்லாரும் சைக்கிளோடு கூடினோம். வெள்ளை வண்டி, பக்கவாட்டில் சிவப்புச் சிலுவை. 'மலைத் தொழிலாளர் மருத்துவ உதவிக்கு, போடி மக்களின் அன்பளிப்பு' என்று நீல எழுத்து. மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். சங்கத் தலைவர் பெரிய தோட்டக்காரர், எல்லாருக்கும் அவர் 'முதலாளி'தான். அவர் சாவியை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். நாங்கள் கை வலிக்கத் தட்டினோம். படம் எடுத்து முடிந்ததும் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போனார்.

கொஞ்ச நாளிலேயே அந்த ஜீப்பை ஏல மையத்து வாசலில் பார்த்தேன். கூரை முட்ட ஏலக்காய் மூட்டை. சிவப்புச் சிலுவையின் மேல் ஒரு சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, இது ஆஸ்பத்திரி ஜீப்பில்ல?" என்றேன் டிரைவரிடம்.

"சும்மா கெடக்குற வண்டிதானப்பு. ஒரு லோடு ஏத்துனா என்ன தேஞ்சா போகும்? போ, போய்ச் சோலியப் பாரு" என்றார்.

4

என் அக்காவை அந்த முதலாளியின் தோட்டத்தில் மேற்பார்வை பார்த்தவருக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். போடிமெட்டுக்கு மேலே தோட்டத்துக்குள்ளேயே குடியிருப்பு. தலைப்பிரசவத்துக்கு அவளை ராசிங்காபுரத்துக்கு அழைத்து வர என்னை அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தது ஒரு மழைநாள். நல்ல நேரம் மறுநாள் காலை என்று குறித்திருந்ததால் அன்று தங்கினோம். அன்று மத்தியானமே அவளுக்கு வலி கண்டுவிட்டது. நாளுக்கு முந்திய வலி. பக்கத்து வீட்டு மலையாளத்துப் பெண் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆசுபத்திரிக்குக் கொண்டுபோணும், வேகம்" என்றாள்.

நானும் மச்சானும் முதலாளியின் பங்களாவுக்கு ஓடினோம். ஷெட்டுக்குள் ஜீப் நின்றது. கம்பிக் கதவு வழியாக அந்த நீல எழுத்துகளை என்னால் படிக்க முடிந்தது.

"சாவி மொதலாளி கையில இருக்கு. அவுக மதுரைக்குப் போயிருக்காக. நான் என்ன செய்ய அப்பு?" என்றார் காவல்காரர். அவர் கண்ணில் தண்ணீர். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

"ஒடச்சிருவோம் மச்சான். கதவ ஒடச்சு, ஒயரப் பிச்சு ஸ்டார்ட் பண்ணிருவேன். எனக்குத் தெரியும்" என்றேன். அப்போதே மதுரை ஒர்க்ஷாப் ஒன்றில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன்.

மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் மாப்ளே. வேணாம்யா. பொழப்பு அவுக கையில இருக்கு. குடியிருக்க வீடும் அவுக வீடு." பிடித்த கையை விடவில்லை.

கம்பளியைத் தூளியாகக் கம்பில் கட்டி, அக்காவைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தோம். தோட்டத்து ஆட்கள் தோள் மாற்றினார்கள். அந்த மலையாளத்துப் பெண், "பேடிக்கண்டா சேச்சி, பேடிக்கண்டா" என்று அக்காவுக்குப் பயம் தெளியச் சொல்லிக்கொண்டே கூட ஓடி வந்தாள். போடிமெட்டில் ஒரு லாரிக்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அக்காவைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளை இல்லை. ஆண்பிள்ளை என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை.

ஊர் திரும்பிய முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கூடை ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். "எல்லாம் அவன் செயல். நாம என்ன செய்ய முடியும்?" என்றார். என் அப்பா அவர் முன்னால் நின்று இரண்டு கைகளையும் கூப்பினார். "இவ்வளவு தூரம் வந்தீகளே, அதுவே போதும்" என்றார். பிள்ளையைப் புதைத்த மண் காயவில்லை, அவர் நன்றி சொன்னார்! எனக்கு முதலாளி மேல் வந்த கோபத்தைவிட அந்தக் கூப்பிய கைகள் மேல் வந்த கோபம் அதிகம். இங்கே அலுவலகங்களில் கவுண்டருக்குக் கவுண்டர் "மிஸ்டர் பெருமாள்" என்று கூப்பிடும்போது அந்தக் கைகள்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கின்றன.

5

ஒத்திகைக்கு மறுநாள் அக்காவுக்குப் போன் போட்டேன். மச்சான் பிற்பாடு தோட்ட வேலையை விட்டுவிட்டார். இப்போது இருவரும் போடி டவுனில் இருக்கிறார்கள். பக்கத்து மருந்துக்கடைக்குப் போன் செய்தால் கூப்பிட்டு விடுவார்கள்.

"என்ன தம்பி, சௌக்கியமா? மல்லிகா எப்படி இருக்கா?" அவள் பேசுவது மருந்துக்கடைத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். வெளிநாடு தூரம் என்பதால் சத்தமாகப் பேச வேண்டும் என்று அவளுக்கு எண்ணம்.

கிளை கட்டிய கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "எதுக்குடா இந்த வயசுல சைக்கிளு?" என்றாள்.

"ஒரு வேன் வாங்கக்கா. நடக்க முடியாத புள்ளைகளுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போக."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"சாவி யாருகிட்ட இருக்கும்னு கேட்டியா?" என்றாள்.

கேட்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

வியாழக்கிழமை மாலை சர்ச் மண்டபத்தில் கூட்டம், மல்லிகாவும் கூட வந்தாள். பாதை, தண்ணீர், சான்ட்விச், எல்லாவற்றையும் பேசினார்கள். கடைசியில் "கேள்வி உண்டா?" என்றார் ஹாரிஸ். நான் எழுந்து, வேன் வந்த பிறகு சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன்.

"கவலைப்படாதே பெரு, வண்டி பத்திரமாக இருக்கும்" என்றார்.

பத்திரத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, சாவி யாரிடம் இருக்கும் என்றுதான் கேட்கிறேன் என்றேன்.

"அருமையான கேள்வி. கமிட்டி பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு, மழை பெய்தால் என்ன செய்வது என்று பேசப் போய்விட்டார். ஒருவர் முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. ஒரு வெளிநாட்டு ஆள் ஏதோ கேட்டான், மரியாதையாகப் பதில் சொல்லி உட்கார வைத்தாயிற்று, அவ்வளவுதான். உதைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

வீட்டுக்கு நடந்து வரும்போது மல்லிகா, "ஏம்ப்பா எப்பவும் கோபமாவே இருக்கீங்க? கீ யார்கிட்ட இருந்தா என்ன?" என்றாள்.

அங்கேயே, ரோட்டில் நின்றுகொண்டு, முதல் தடவையாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் கேட்டாள்:

"ஜீப் உள்ளதான் நின்னுச்சா?"

"ஆமா."

"உங்களுக்கு ஸ்டார்ட் பண்ணவும் தெரியும். அப்புறம் ஏன் உடைக்கல?"

"உங்க மாமாவுக்கு அவருகிட்டதான் வேலை. குடியிருந்த வீடும் அவரு குடுத்த வீடு."

"ஸோ?" என்றாள்.

அந்த ஒற்றைச் சொல்லுக்கு அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது. கூலிக்கு இருப்பவனின் பயம் இவளுக்கு என்ன தெரியும்? அது தெரியாமல் வளர வேண்டும் என்றுதானே இங்கே கொண்டுவந்தேன். இப்போது அது தெரியவில்லை என்று கோபப்படுகிறேன்.

6

இன்று காலை ஹாரிஸின் கடை முற்றத்தில் எல்லாரும் கூடினோம். நாளைக்குச் சட்டையில் குத்திக்கொள்ள எண் அட்டை கொடுத்தார்கள். விடுதியிலிருந்து சில பிள்ளைகளைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தார்கள், கூடவே அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மாள். பத்திரிகைப் படத்துக்காக ஹாரிஸ் அட்டையில் ஒரு பெரிய சாவி செய்து, தங்க நிறத் தாள் ஒட்டி வைத்திருந்தார். ஓர் ஆள் உயரம் இருக்கும்.

"பெரு, நீயும் வா. உன் வாலையும் கொண்டு வா" என்று கூப்பிட்டார். அந்தச் சாவியை அவர் தலைக்கு மேலே தூக்கினார்.

இதே தூக்கல். இதே சிரிப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் மல்லிகாவின் குரல் கேட்டது.

"நிஜமான சாவி எங்கே இருக்கும்?"

அவளுடைய இங்கிலீஷ் அவர்களுடைய இங்கிலீஷ். ஹாரிஸ் திரும்பிப் பார்த்து, நின்று, பதில் சொன்னார். "என் கடைப் பெட்டகத்தில், கண்ணு. அதைவிடப் பத்திரமான இடம் ஏது?"

"ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா?"

"இல்லை."

"ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால்?"

ஹாரிஸ் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. விடுதி அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாங்களும் இதைக் கேட்க நினைத்தோம்" என்றார். அந்த அம்மாளும் நினைத்துவிட்டுப் பேசாமல்தான் இருந்திருக்கிறார்.

"அப்படியானால் நான் நாளைக்கு ஓட்டவில்லை" என்றாள் மல்லிகா. சைக்கிளைத் தரையில் சாய்த்தாள். மணி ஒரு தடவை சிணுங்கியது. அவள் தோழி ஒருத்தி என்ன ஏது என்று புரியாமலே தன் சைக்கிளையும் சாய்த்தாள். நான் என்னுடையதைச் சாய்த்தேன், கிளையோடு.

ஹாரிஸ் எங்களையும் தரையில் கிடந்த சைக்கிள்களையும் பார்த்தார். அட்டைச் சாவியைக் கீழே இறக்கினார். "சரி, நீ சொல்வது நியாயம். சாவி விடுதிச் சமையலறையில், ஓர் ஆணியில் தொங்கும். போதுமா? இன்றைக்கே அடிக்கச் சொல்கிறேன்" என்றார். உண்மையாகவே சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, யோசிக்காதவர்.

எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இவ்வளவுதானா? ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் சைக்கிளைச் சாய்த்தால் போதுமா? அன்று போடி பஸ் ஸ்டாண்டில் எங்களிடம் எத்தனை சைக்கிள் இருந்தது! மலையை அலற வைத்து இறங்கிய கூட்டம் நாங்கள். சாவி சட்டைப் பைக்குள் போனதை எல்லாரும் பார்த்தோம், கைதட்டிக்கொண்டே பார்த்தோம். ஒருவனுக்கும் சைக்கிளைக் கீழே போடத் தோன்றவில்லையே.

7

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தேன். அங்கே சாயங்காலம், மருந்துக்கடை திறந்திருக்கும். போன் பில்லை நினைத்து என் மனைவி முகத்தைச் சுளித்தாள், ஆனால் தடுக்கவில்லை.

நடந்ததை அக்காவிடம் சொன்னேன். மல்லிகா சைக்கிளைச் சாய்த்ததைச் சொன்னபோது, "எங்காத்தா! எங்காத்தா!" என்று மருந்துக்கடையே அதிரக் கத்தினாள். பக்கத்தில் நின்ற மச்சானிடமும் அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது. அவர் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, அவரு மூக்கச் சிந்துறாரு" என்றாள்.

பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்:

"தம்பி, அந்தப் புள்ளைகளுக்கு எந்திரிச்சு நிக்க முடியாதுன்னியே?"

"ஆமாக்கா."

"ஆணிய எந்த ஒசரத்துல அடிச்சிருக்காக?"

"நான் பாக்கலக்கா. இன்னைக்குத்தான் அடிக்கிறாக."

"பாத்துக்கோ. கூட இருக்குற அம்மா ஒரு புள்ளையத் தூக்கிக்கிட்டு நின்னா, இன்னொரு புள்ள எட்டிச் சாவிய எடுத்துக் குடுக்கணும்ல" என்றாள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

மல்லிகா படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அத்தை என்ன சொன்னாங்க?" என்றாள். சொன்னேன். எழுந்து பின்கட்டுக்குப் போனாள். என் வேலைப்பெட்டி உருட்டப்படும் சத்தம் கேட்டது.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. இரண்டு சைக்கிள்களும் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. என் கேரியரில் கிளை கட்டியிருக்கிறது, அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சைக்கிள் கூடையில் சுத்தியல் இருக்கிறது. காலையில் ஓட்டம் தொடங்கும் முன்னால் நாங்கள் அந்தச் சமையலறைக்குப் போகிறோம்.